கதவு எண் இல்லாதவர்கள்

(அசோக் நகரில் தோழர்களும் மாணவர்களும் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



வீடில்லாத மக்களுக்கு வேண்டிய எல்லாச் சேவையும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கிற மையங்கள் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் ஒரு தோழர், "இது தொண்டு நிறுவனத்துக்காரங்க பேசுற விசயமாச்சே, நமக்கு எதுக்கு தோழர்?" என்றார். நியாயமான கேள்வி. அவருக்குப் பதில் சொல்வதாகவே இந்தப் பேச்சை வைத்துக்கொள்கிறேன்.

நாம் கூடியிருக்கிற இந்தப் பகுதியின் பேரிலிருந்து ஆரம்பிப்போம். வீட்டு வசதி வாரியம் மனை பிரித்து, வீடு கட்டி உருவாக்கிய நகர் இது. நூறடி சாலையில் அசோகர் தூண் நிற்கிறது. அசோகனுடைய ஏழாவது தூண் கல்வெட்டு தில்லியில் ஃபெரோஸ் ஷா கோட்லாவில் இருக்கிற தூணில் செதுக்கப்பட்டிருக்கிறது. சாலையோரம் ஆலமரம் நட்டேன், மாந்தோப்பு வைத்தேன், கிணறு வெட்டினேன், தங்குமிடங்கள் கட்டினேன் என்று அதில் அந்த பவுத்த அரசன் பட்டியல் போடுகிறான். 1950இல் நாம் அவனுடைய சிங்கத்தை எடுத்து அரசு முத்திரையில் வைத்துக்கொண்டோம். தங்குமிடத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றவர்கள் 17 லட்சத்து 73 ஆயிரம் பேர். 2001இல் இது 19 லட்சத்துக்கு மேல். குறைஞ்சிடுச்சேன்னு சந்தோசப்படாதீங்க. குறைந்தது கிராமத்தில். நகரங்களில் 7 லட்சத்து 78 ஆயிரமாக இருந்தது 9 லட்சத்து 38 ஆயிரமாக ஏறியது. இந்தக் கணக்கை எப்படி எடுத்தார்கள் தெரியுமா? பிப்ரவரி 28ஆம் தேதி, ஒரே ஒரு ராத்திரி. அன்றைக்கு ராத்திரி கோயம்பேட்டில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவரும், ஏதோ ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் அண்டா கழுவிக்கொண்டிருந்த பெண்ணும் அந்தக் கணக்கில் வந்திருப்பார்களா? அதற்கடுத்து 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு 2027க்குத் தள்ளிப்போனது.

நடைபாதையில் தூங்குகிறவர்கள் என்றாலே பிச்சைக்காரர்கள் என்று ஒரு நினைப்பு. தப்பு. பூ கட்டுகிறார்கள். மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள். சமையல் வேலைக்குப் போகிறார்கள். குப்பை பொறுக்கிப் பிரித்து விற்கிறார்கள். இந்த நகரத்தைத் தினமும் துடைத்துத் தூக்கி நிறுத்துகிற உழைப்பாளிகள் இவர்கள். பாரிமுனைப் பக்கம் மூன்று தலைமுறையாக ஒரே நடைபாதையில் வாழ்கிற குடும்பங்கள் இருக்கின்றன. எந்த ஊர், எந்தத் தெரு என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப்பாருங்கள். நான் கேட்டிருக்கிறேன். செங்கல்பட்டு, விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துச் சேரிகளின் பேர்தான் எனக்கு அதிகம் கிடைத்தது.

வீடில்லாமை என்பது காசில்லாமை மட்டும்தானா? 1917ஆம் ஆண்டு பரோடாவுக்கு வேலைக்குப் போன ஒரு இளைஞரை நினைத்துப்பாருங்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தவர். சமஸ்தானத்தில் உத்தியோகம். சம்பளம் உண்டு. தங்குவதற்கு ஒரு அறை மட்டும் இல்லை. பேரை மாற்றிச் சொல்லி ஒரு பார்சி விடுதியில் தங்குகிறார். சில நாளில் தடியோடு ஆட்கள் வந்து நின்று வெளியேற்றுகிறார்கள். அரசாங்க பங்களா கேட்டு அவர் போட்ட மனு மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு இந்து நண்பர், ஒரு கிறித்துவ நண்பர், இரண்டு பேர் வீட்டிலும் இடமில்லை. பொதுப் பூங்காவில் உட்கார்ந்துவிட்டு ராத்திரி ரயிலைப் பிடித்து பம்பாய்க்குத் திரும்புகிறார். அண்ணல் அம்பேத்கர் தன் கையாலேயே இதை எழுதி வைத்திருக்கிறார்.

காசு இருந்தும், படிப்பு இருந்தும், வேலை இருந்தும் அவர் வீடற்றவர் ஆனார். கதவுகள் இருந்தன, அவை அவருக்குத் திறக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், வீடற்றவர் பிரச்சனை தொண்டு நிறுவனங்களுக்கு முந்தி நம்முடைய பிரச்சனை.

இப்போது அலுவலகக் கதவுகளுக்கு வருவோம். நான் வங்கியில் எழுத்தர். கவுண்டருக்கு உட்பக்கம் உட்கார்ந்து ஊரைப் பார்க்கிற வேலை. ஒரு கிளையில் நடந்ததைச் சொல்கிறேன். கிளையின் பேர் வேண்டாம். எந்தக் கிளையிலும் நடக்கக்கூடியதுதான்.

அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா வந்தார். நடைபாதையில் பூ விற்கிறவர். முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப்போட வேண்டும். 2023இல் அதை மாதம் 1,200 ரூபாய் ஆக்கினார்கள். தாலுகா ஆபீசில் வங்கிக் கணக்கு கேட்டிருக்கிறார்கள். வங்கியில் முகவரியோடு அடையாள அட்டை கேட்டார்கள். ஆதாருக்குப் போனால் ரேஷன் கார்டு இருக்கா என்கிறார்கள். ரேஷன் கார்டுக்குப் போனால் வாடகை ஒப்பந்தம், கேஸ் ரசீது, தனிச் சமையலறை. மூணு கல்லு வைச்சுச் சமைக்கிற இடத்துக்கு எந்த வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதுவார்? ஒவ்வொரு ஆபீசும் அடுத்த ஆபீசின் சீட்டைக் கேட்கிறது. முதல் சீட்டைக் கொடுப்பவர் யாரும் இல்லை. அந்த அம்மா என்னிடம் கேட்டார், "நான் இருக்கேன்னு மொதல்ல யாருப்பா எழுதித் தரணும்?"

தோழர்களே, இந்தப் பேச்சின் மையம் அந்தக் கேள்விதான்.

அந்த அம்மாவுக்குக் கணக்குத் திறக்க விதி இருக்கிறது. 'சிறு கணக்கு' என்று பேர். 2010இன் கடைசியில் வந்த விதி. எந்த ஆவணமும் இல்லாதவர் ஒரு புகைப்படம் கொடுத்து, வங்கி அதிகாரி முன்னால் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் கணக்குத் திறக்கலாம். இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆண்டு வரவு ஒரு லட்சத்தைத் தாண்டக் கூடாது. மாதம் 10,000க்கு மேல் எடுக்க முடியாது. 12 மாதத்துக்குச் செல்லும். அதற்குள் ஏதாவது ஓர் அடையாள ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னும் 12 மாதம். விதியை எடுத்து மேசைமேல் வைத்த பிறகு அவருக்குக் கணக்குத் திறந்தது. விதி புதிதாக எதுவும் வரவில்லை. அதைத் தெரிந்த ஒரு ஆள் பக்கத்தில் நின்றார், அவ்வளவுதான்.

இதுபோல எழுதி வைக்கப்பட்டு, யாருக்கும் சொல்லப்படாத விதிகள் இன்னும் இருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற காப்பகத்தின் பொறுப்பாளர் புகைப்படம் ஒட்டிச் சான்று கொடுத்தால் ஆதாருக்கு அதை முகவரிச் சான்றாக ஏற்கலாம். வாக்காளர் பட்டியலில் சேர வீடற்றவருக்கு முகவரிச் சான்றே தேவையில்லை. படிவம் 6இல் எந்த இடத்தில் தூங்குகிறாரோ அதை எழுதினால் போதும். வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் அந்த இடத்துக்கு வந்து, அவர் அங்கேதான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரு தடவைக்கு மேல் வந்து பார்க்க வேண்டும். நினைச்சுப் பாருங்க, ஓட்டு என்றால் அலுவலகம் நடைபாதைக்கே நடந்து வரும். உதவித்தொகை என்றால் மட்டும் நடைபாதை அலுவலகத்துக்கு நடக்க வேண்டும்!

முகவரி கேட்காமல் கொடுக்க இந்த அரசுக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். 2013இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி கொடுக்கும்போது யாரும் கார்டு கேட்பதில்லை. 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்கு இலவசப் பயணம். நடத்துநர் கதவு எண் கேட்பதில்லை. அரசு மருத்துவமனையில் புறநோயாளி சீட்டுக்குப் பேரும் வயதும் சொன்னால் போதும். இட்லிக்குத் தேவைப்படாத முகவரி, அரிசிக்கு மட்டும் எதற்கு?

மாணவ நண்பர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உங்களில் பலர் இடஒதுக்கீட்டில் படிக்க வந்தவர்கள், நானும் அப்படித்தான். அதற்கு அடிப்படை சாதிச் சான்றிதழ். பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் கொடுக்க வேண்டும். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர். விண்ணப்பம் போட முகவரி, பெற்றோரின் சான்று, குடும்ப அட்டை. நடைபாதையில் பிறந்து, நடைபாதையிலேயே வளர்ந்து, மாநகராட்சிப் பள்ளியில் பத்தாவது பாஸ் பண்ணின ஒரு பறையர் வீட்டுப் பெண் இதில் எதைக் கொண்டு வருவாள்? சாதி அவள் குடும்பத்தைத் தெருவுக்கு விரட்டியது. சாதிச் சான்றிதழ் தெருவுக்கு வர மறுக்கிறது. இடஒதுக்கீட்டுக்காக நாம் நடத்துகிற எந்தப் போராட்டமும் அவளுக்குப் போய்ச் சேராது.

ஒரே கூரை என்ற யோசனை இங்கேதான் வருகிறது. ஆபீசுக்கு ஆபீஸ் அலைவதில் போவது பஸ் காசு மட்டும் இல்லை. ஒவ்வொரு ஆபீசுக்கும் ஒரு நாள் கூலி போகிறது. "அதிகாரி கேம்ப் போயிருக்கார், நாளைக்கு வா" என்றால் இரண்டு நாள். மூட்டைமுடிச்சை நடைபாதையில் விட்டுவிட்டு வந்தால் மாநகராட்சி லாரி அள்ளிக்கொண்டு போயிருக்கும். அந்த மூட்டைக்குள்தான் இருக்கிற ஒன்றிரண்டு காகிதமும் இருந்திருக்கும். ஆகவே ஆபீஸ்கள் ஒரு இடத்துக்கு வரட்டும். ஆள் ஒரு தடவை வந்தால் போதும்.

இது நடக்காத காரியம் இல்லை. வன்முறைக்கு ஆளான பெண்களுக்காக 2015 ஏப்ரலிலிருந்து ஒன்றிய அரசு 'சகி' என்ற ஒருங்கிணைந்த சேவை மையத் திட்டத்தைக் கொண்டுவந்தது. மருத்துவம், போலீஸ் உதவி, வழக்கறிஞர், மனநல ஆலோசனை, சில நாள் தங்கல் எல்லாம் ஒரே இடத்தில். பாதிக்கப்பட்டவளை வாசல் வாசலாக அலையவிடுவதே இன்னொரு கொடுமை என்று அரசே ஒப்புக்கொண்டதற்கு அது சாட்சி. அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தில் 2004 அக்டோபரில் ஒரு முயற்சி ஆரம்பித்தார்கள். ஒரு பெரிய அரங்கத்தில் அடையாள அட்டை கொடுப்பவர், பல் மருத்துவர், மூக்குக்கண்ணாடி கொடுப்பவர், வேலை சொல்பவர், தங்குமிடம் ஒதுக்குபவர் எல்லோரும் ஒரே நாளில் வந்து உட்கார்ந்தார்கள். நூற்றுக்கணக்கில் தொண்டர்கள் வந்து, ஒவ்வொருவர் கூடவும் மேசை மேசையாக நடந்தார்கள். எனக்கு அதில் பிடித்தது அந்தக் கூட நடக்கிற ஆள்தான்.

நம் ஊரில் இதற்கு அஸ்திவாரம் ஏற்கெனவே போட்டாயிற்று. 2009 டிசம்பர் குளிரில் தில்லியில் ஒரு இரவுத் தங்குமிடத்தை இடித்தார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்திருந்த உணவுரிமை வழக்கில் அந்த விவகாரம் வந்தது. 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: அய்ந்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களில், ஒரு லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம் வேண்டும், ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். 2011இல் எல்லை விரிந்த சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை 67 லட்சம். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் விதிமுறை ஒருபடி மேலே போனது. அடையாள அட்டை, ரேஷன், ஓய்வூதியம், வங்கிக் கணக்கு, குழந்தைகளின் பள்ளிச் சேர்க்கை, சட்ட உதவி எல்லாவற்றையும் இந்தத் தங்குமிடத்தோடு இணைக்க வேண்டும் என்று எழுதியது. சென்னையில் ஆண்கள், பெண்கள், முதியோர், மனநலம் பாதித்தோர், அரசு மருத்துவமனை நோயாளிகளின் உறவினர்கள் என்று தனித்தனிக் காப்பகங்களை மாநகராட்சி தொண்டு அமைப்புகளிடம் கொடுத்து நடத்துகிறது. ராத்திரி படுக்கப் பாய் கிடைக்கிறது. சோறு கிடைக்கிறது. பகலில் தாசில்தார் அங்கே வருவதில்லை. வங்கி வருவதில்லை. ரேஷன் அதிகாரி வருவதில்லை. பாயும் சோறும் கருணை என்று கொடுத்துவிடலாம். காகிதம் உரிமை. கருணைக்குக் கை நீளும், உரிமைக்குக் கை நடுங்கும்.

சரி, மையம் வந்துவிட்டால் போதுமா? இங்கேதான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். எனக்கு மூன்று பயம் உண்டு.

முதலாவது, சேவை மையம் ஆள்பிடிக்கிற மையமாக மாறுவது. பிச்சை எடுப்பதைக் குற்றமாக்கிய சென்னை மாகாணச் சட்டம் 1945ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தில்லியில் இதே மாதிரியான சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2018இல் தில்லி உயர்நீதிமன்றம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானவை என்று தள்ளியது. இங்கே "மீட்பு" என்ற சொல்லோடு வண்டி வரும்போது மக்கள் ஓடுகிறார்கள். ஏன் ஓடுகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மையத்தில் எடுக்கிற பேரும் கைரேகையும் போலீசுக்குப் போகக் கூடாது. வருவதும் போவதும் அவரவர் இஷ்டம் என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, மையம் ஊருக்கு வெளியே தள்ளுகிற வாசலாக மாறுவது. 1985இல் பம்பாய் நடைபாதைவாசிகளின் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் வாழ்வுரிமைக்குள் பிழைப்புரிமையும் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அவர்களை அப்புறப்படுத்துவதைத் தடுக்கவில்லை. அதே ஆண்டில் சென்னைக் குடிசைவாசிகளுக்காகவும் நடைபாதைவாசிகளுக்காகவும் வழக்கறிஞர் கே. சந்துரு போட்ட வழக்கில், அரசு அக்கறையோடு நடந்துகொள்ளும் என்று நம்பிக்கை தெரிவித்து முடித்தது. அந்த நம்பிக்கை எங்கே போய் முடிந்தது என்றால், 2000இல் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். பூ விற்கிற இடம் பாரிமுனை, படுக்கிற இடம் பெரும்பாக்கம் என்றால் பூ வாங்க விடியற்காலையில் எப்படி வருவது? ஊரும் சேரியும் என்ற பழைய வரைபடத்தைச் சிமெண்டில் அடுக்குமாடியாகக் கட்டியிருக்கிறார்கள். மையம் எங்கே மக்கள் பிழைக்கிறார்களோ அங்கேயே நடந்துபோகிற தூரத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, மையமே வீடாக ஆகிவிடுவது. பாய் விரித்தாயிற்று, பிரச்சனை தீர்ந்தது என்று கோப்பை மூடிவிடுவார்கள். ஃபின்லாந்து நாட்டில் 2008இலிருந்து வேறு வழியில் போனார்கள். குடியை விடு, வேலை தேடு, அப்புறம் வீடு என்று சொல்லாமல், முதலில் வாடகை ஒப்பந்தத்தோடு ஒரு வீட்டைக் கொடுத்துவிட்டு மற்றதைப் பிறகு பார்த்தார்கள். வீடற்றவர் எண்ணிக்கை அங்கே குறைந்தது. நம் நகரத்திலேயே 1993இல் இரண்டு இளம்பெண்கள் தொடங்கிய 'தி பேன்யன்' அமைப்பு, தெருவில் விடப்பட்ட மனநலம் குன்றிய பெண்களுக்குச் சிகிச்சை கொடுத்ததோடு நிற்காமல், பிறகு சாதாரணத் தெருக்களில் வாடகை வீடெடுத்துச் சேர்ந்து வாழ வைத்தது. செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. ஒரு தொண்டு அமைப்பு செய்வதை ஓர் அரசு செய்யாமலிருக்க அது சாக்கு ஆகாது.

இன்னும் ஒன்று. காப்பகத்துக்குள்ளேயும் சாதி வரும். யார் சமைப்பது, யார் கக்கூஸ் கழுவுவது என்பதில் வரும். நடத்துகிற குழுவில் நடைபாதை மக்களின் பிரதிநிதிகள், பாதிக்கு மேல் பெண்கள், இருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய சத்திரம்தான் புதுப் பலகையோடு வரும்.

ஆகவே அந்தத் தோழருக்கு என் பதில் இது. குடிமகன் என்று எழுத ஒரு கதவு எண் வேண்டும் என்கிறது இந்த அமைப்பு. கதவே மறுக்கப்பட்டவர்களின் இயக்கம் நாம். நாம் பேசாவிட்டால் இதைக் கருணை பேசிவிடும்.

கடைசியாக, கலைந்து போவதற்கு முன்னால் கொஞ்சம் வேலைகள். மாநகராட்சியின் ஒவ்வொரு மண்டலத்திலும் ஒரு காப்பகத்தை முழுநாள் சேவை மையமாக்கு, வாரம் ஒரு நாள் வட்டாட்சியர், குடிமைப் பொருள், வங்கி, தேர்தல், சுகாதாரம், சட்ட உதவி அலுவலர்களை அங்கே உட்கார வை, மையத்தின் முகவரியையே வருகிறவர்களின் முகவரியாக எல்லாத் துறையும் ஏற்கட்டும், ஒருவருக்கு மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடு. இந்த நான்கும் நம் கோரிக்கை. மனு எழுதிவிட்டோம், கையெழுத்துப் போடுங்கள்.

அரசு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மாணவர்கள் இரண்டு இரண்டு பேராகச் சேருங்கள். வடபழனி, கோயம்பேடு, தி.நகர், சைதாப்பேட்டை என்று பிரித்துக்கொள்வோம். கையில் படிவம் 6 இருக்கட்டும். சிறு கணக்கு விதியின் நகல் இருக்கட்டும். யாருக்கு எந்தக் காகிதம் இல்லை என்று கேட்டு எழுதுங்கள். அப்புறம் அவர்களோடு ஆபீசுக்குப் போங்கள். முன்னால் போகாதீர்கள், பக்கத்தில் நடங்கள். பேச வேண்டியதை அவர்களே பேசட்டும். விதி எண்ணை மட்டும் நீங்கள் சொன்னால் போதும். பத்தாவது முடித்த பிள்ளைகள் இருந்தால் அவர்கள் பேரை முதலில் எழுதுங்கள். கல்லூரிச் சேர்க்கை வருவதற்குள் சாதிச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும்.

வருகிற சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு அசோகர் தூண் பக்கத்திலிருந்து கிளம்புகிறோம். பேர் கொடுக்கிறவர்கள் வாசலில் இருக்கிற நோட்டில் எழுதிவிட்டுப் போங்கள்.